மூன்றாவது முறை சரியாக வந்த சிவப்புத் தரை

நேற்றோடு 45 நாள் ஆகிறது. ஹாலில் போட்ட சிவப்புத் தரையில் இதுவரை ஒரு விரிசல்கூட விழவில்லை, தட்டிப் பார்த்தால் எங்கேயும் பொக்கென்று சத்தம் வரவில்லை, வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்தால் சிவப்பு ஒட்டவில்லை. இந்த மூன்றும் உறுதியான பிறகுதான் எழுதுவது என்று இருந்தேன். காரணம், இதற்கு முன்னால் இரண்டு முறை போட்டு இரண்டு முறையும் உடைத்து எடுத்திருக்கிறேன்.

வீடு அம்பாசமுத்திரம் பக்கம், தாத்தா 1974-இல் கட்டியது. எல்லா அறைக்கும் சிவப்பு சிமெண்ட் தரைதான் இருந்தது. 2012-இல் கையில் கொஞ்சம் பணம் வந்ததும் ஹாலுக்கு டைல் போட்டேன். அப்போது எங்கள் பக்கம் யார் வீட்டைப் புதுப்பித்தாலும் இரண்டுக்கு இரண்டு அடி, தந்த நிறம், குனிந்தால் முகம் தெரிகிற பளபளப்பு. டைலுக்கும் டைலுக்கும் நடுவில் கோடே தெரியக் கூடாது. நானும் அதையேதான் கேட்டு வாங்கினேன். பழைய தரையை எடுக்காமல், பிடிப்புக்காக உளியால் கொத்திவிட்டு அதன் மேலேயே ஒட்டினார்கள். அதனால் ஹால் மட்டும் 1¾ இன்ச் உயர்ந்து, ஒவ்வொரு வாசலிலும் ஒரு குட்டிப் படி உண்டாகிவிட்டது. அந்தப் படியில் அம்மா எத்தனை முறை கால்விரலை இடித்துக்கொண்டாள் என்று கணக்கில்லை. ஒருமுறை விழுந்து மணிக்கட்டு பிசகியது.

போன வருடம் மே மாதம், மதியம் மூன்று மணி இருக்கும், ஹாலில் வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் நாலு டைல் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கிறது. கோடு தெரியக் கூடாது என்று நான் கேட்டதால் இடைவெளியே விடாமல் ஒட்ட ஒட்டப் பதித்திருந்தார்கள், சுவர் ஓரத்திலும் இடம் விடவில்லை. வெயிலில் டைல் விரிவதற்கு வழியில்லாமல் மேலே வந்துவிட்டது.

நாலு டைலை மாற்றினால் போதும் என்றுதான் கடைக்குப் போனேன். அந்த டிசைன் நின்று பல வருடம் ஆகிவிட்டதாம். தந்த நிறமும் இப்போது போகவில்லை, எல்லாரும் நாலுக்கு இரண்டில் சாம்பல் நிற மேட் டைல்தான் கேட்கிறார்கள் என்றார்கள். சொந்தக்காரர் ஒருவர், தரையை எடுக்கிற சாக்கில் ஃபால்ஸ் சீலிங்கும் போட்டு ஓரத்தில் எல்.இ.டி. பட்டை ஓடவிட்டுவிடு என்றார். நானும் போனில் படங்களாகச் சேர்த்துவைத்தேன். ஏறக்குறைய முன்பணம் கொடுக்கிற கட்டம் வரை போய்விட்டேன்.

அந்த வாரம் வீட்டிலேயே இருந்ததால் ஒன்றைக் கவனித்தேன். மதியம் சாப்பிட்டதும் அம்மா தலையணையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். அங்கேதான் தாத்தா காலத்துச் சிவப்புத் தரை மிச்சம் இருக்கிறது. பாய்கூட விரிக்காமல் வெறும் தரையில் படுப்பாள். ஹாலில் ஃபேன் பெரிசு, காற்றும் நல்ல காற்று, ஆனாலும் பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள்கூட ஹாலில் படுத்ததில்லை. காய் நறுக்க அரிவாள்மணையைப் போட்டால் டைலில் அது முன்னால் வழுக்கிக்கொண்டு போகும், அதற்காக அடியில் ஒரு சாக்கைப் போட்டு அதன் ஓரத்தைக் காலால் மிதித்துக்கொள்வாள். இதெல்லாம் பன்னிரண்டு வருடமாக என் கண் முன்னால் நடந்ததுதான். இனிமேல் எந்தத் தரை போட்டாலும் அதில் அம்மா படுக்க வேண்டும், அரிவாள்மணை நகரக் கூடாது, அவள் அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் படி இருக்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். கடையில் பார்த்த படங்கள் எதுவும் இந்தத் தாளுக்குப் பதில் சொல்லவில்லை.

ஆத்தங்குடிக் கல் போடலாமா என்று யோசித்து, காரைக்குடி பக்கம் போய் வேலை நடக்கிற இடத்திலேயே நின்று பார்த்துவிட்டும் வந்தேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து நிறக் குழம்பை ஊற்றுகிறார்கள், அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும், அதற்கும் மேல் ஈரக் கலவை. சூளையே கிடையாது, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைக்கிறதுதான். கண்ணாடி தானாகப் பிரிந்து வரும்போது அந்தப் பக்கம் மினுமினுக்கிறதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று விட்டேன். அது செட்டிநாட்டு வீடுகளோடு பிறந்தது, இப்போது ஊர் ஊருக்கு ஹோட்டல் வரவேற்பறையில் எல்லாம் வந்துவிட்டது, நான் போட்டால் அதுவும் படத்தைப் பார்த்து ஆசைப்பட்ட கணக்கில்தான் சேரும். எங்கள் வீட்டுத் தரை எது என்பது பக்கத்து அறையிலேயே இருந்தது.

முதலில் தனியாகவே செய்து பார்த்தேன். பின்கட்டில் ஹாலையும் அடுக்களையையும் சேர்க்கிற நடை ஒன்று இருக்கிறது, ஆறடிக்கு நாலடி, வெறும் சொரசொரப்பு சிமெண்ட். அதில் ஒத்திகை பார்க்கலாம் என்று ஆகஸ்டில் ஆரம்பித்தேன். கடையில் சில்லறையாகக் கிடைத்த ரெட் ஆக்சைடு, அதாவது சிமெண்டுக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிற பொடி, கிலோ 60 ரூபாய். ஒரு பங்கு பொடிக்கு மூன்று பங்கு சிமெண்ட் என்று டப்பாவால் அளந்தேன். தரையைக் கழுவி, ஒரு மணி நேரம் ஈரம் வைத்து, ஒரு இன்ச் கலவை போட்டு, அதன் மேல் சிவப்பைப் பூசினேன். வேர்த்துக் கொட்டியதால் ஃபேனையும் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் தரை முழுக்க மயிரிழை விரிசல், சிலந்தி வலை மாதிரி. ஒரு மூலையில் தட்டினால் பொக்குச் சத்தம். பத்து நாள் கழித்து நடந்தால் உள்ளங்கால் முழுக்கச் சிவப்பு.

அப்புறம்தான் ஆள் தேடினேன். இப்போது இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். நாலைந்து பேரிடம் கேட்டு, கல்லிடைக்குறிச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கொத்தனார் அண்ணாச்சியைப் பிடித்தேன், வயது 66. வந்ததும் நடையில் குந்தி உட்கார்ந்து, கரண்டிக் காம்பால் நாலு இடத்தில் தட்டினார். “தம்பி, அடித்தரை தண்ணிய உறிஞ்சிட்டுல்லா. முந்தின நாள் ராத்திரியே குளிப்பாட்டிப் போட்டிருக்கணும். ஃபேன் வேற போட்டியளா?” என்றார். பொடியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து நறநறக்குது என்று சொல்லி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்தார். கொஞ்ச நேரத்தில் அடியில் வெளிறிய மாவு தங்கியது. பாதிக்குப் பாதி வேறு ஏதோ மாவு. நல்ல பொடி வாங்கினால் இவ்வளவு தேவையே இல்லை, 50 கிலோ மூட்டைக்கு 5 கிலோ போதும், அதற்கு மேல் போட்டால் நிறம் ஏறாது, தரைதான் பலம் குறையும் என்றார். இந்த ஒரு அளவு எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அவருக்கு அப்போது வேறு வேலை இருந்தது. அவர் சொன்னதை எழுதிவைத்துக்கொண்டு, செப்டம்பர் கடைசியில் அதே நடையில் இரண்டாவது முறையும் நானே போட்டேன். இந்த முறை பொடி நல்ல பொடி, கிலோ 180. ராத்திரி முழுக்க ஈரச் சாக்கு, ஃபேன் கிடையாது. விரிசல் வரவில்லை. ஆனால் இரண்டு தப்பு செய்தேன். பூசிய பிறகு மேலே தண்ணீர் கசிந்து நின்றதைப் பார்த்துப் பதறிப்போய், அது உறிஞ்சட்டும் என்று உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்த்துவிட்டேன். அந்த இடமெல்லாம் தேமல் மாதிரி வெளிறிப்போனது. உண்மையில் கலவையில் தண்ணீர் கூடிப்போனதுதான் காரணம், காத்திருந்திருக்க வேண்டும். அடுத்த தப்பு, ஏழு நாள் தண்ணீர் கட்டியது எங்கள் போர் தண்ணீரை. அது உப்பு. காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூத்து நின்றது. துடைத்தால் போகும், மறுநாள் திரும்ப வரும். மூன்று வாரம் துடைத்துப் பார்த்துவிட்டு அதையும் உடைத்தேன். இரண்டு ஒத்திகைக்கும் சேர்த்து 3,100 ரூபாய் போனது. அதே தப்பை ஹாலில் செய்திருந்தால் பத்து மடங்கு ஆகியிருக்கும்.

ஹால் வேலையைப் பொங்கல் கழித்துத் தொடங்கினோம். வெயில் இல்லாத மாதம் இந்த வேலைக்கு நல்லது. ஹால் 14 அடிக்கு 11 அடி, 154 சதுர அடி. முதலில் உடைப்பு. அம்மா அறையோடு மட்டம் சரியாக வர வேண்டும் என்றால் டைலையும் அதன் கலவையையும் எடுத்தால் போதாது, கொத்திப் பாழாக்கிய தாத்தா காலத்துச் சிவப்பையும் அதன் அடிப்பூச்சையும் எடுக்க வேண்டும். அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. உளித் தழும்புக்கு நடுவில் அங்கங்கே உள்ளங்கை அகலத்துக்குப் பழைய சிவப்பு அப்படியே இருந்தது, ஈரத்துணியால் துடைத்தால் அம்மா அறையில் இருக்கிற அதே நிறம். ஒரு துண்டை நிறம் பார்ப்பதற்காக எடுத்துவைத்தேன். உடைக்கிற மிஷினை நாள் வாடகைக்கு எடுத்து மூன்று நாள் வேலை, 61 சாக்கு இடிபாடு, குட்டி யானையில் மூன்று நடை. அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்த காரை, 50 வருடம் கழித்தும் கல் மாதிரி இருந்தது. அதைத் தொடவில்லை.

பெயர்த்த இடத்தை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, டியூப் லெவல் வைத்து அம்மா அறை வாசலிலிருந்து நாலு சுவருக்கும் மட்டம் குறித்தோம். வாசல் கதவுப் பக்கம் அரை இன்ச் வாட்டம் விட்டோம், கழுவினால் தண்ணீர் வெளியே ஓட வேண்டும். தரையை 12 கட்டமாகப் பிரித்தோம், ஒவ்வொன்றும் மூன்றரை அடிக்கு 3 அடி 8 இன்ச். பெரிய பரப்பாகப் போட்டால் சுருங்கும்போது தரை தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். கட்டத்துக்கு நடுவே கண்ணாடிப் பட்டை நிறுத்தினோம், மொத்தம் 61 அடி நீளம். கண்ணாடிக் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளை அடி 8 ரூபாய்க்கு அறுத்துக் கொடுத்தார்கள்.

நிறம் ஒரே மாதிரி வருவதற்கு ஒரே வழி, மொத்தக் கலவையையும் ஒரே நாளில் உலர்வாகக் கலந்துவிடுவது. இரண்டு மூட்டை சிமெண்ட், 10 கிலோ பொடி. கொசுவலையைக் கட்டி மூன்று முறை சலித்து, நீல டிரம்மில் போட்டு இறுக மூடிவைத்தோம். வெள்ளை சிமெண்ட் கால்வாசி சேர்த்தால் நல்ல பளீர் சிவப்பாக வரும், இப்போது எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று அண்ணாச்சி சொன்னார். எடுத்துவைத்த பழைய துண்டைக் காட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரி, அப்போ சாதா சிமெண்ட்டே போட்டுக்கிடுவோம்” என்றார்.

ஒரு நாளைக்கு நாலு கட்டம், மூன்று நாள். காலையில் சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நாலு என்ற கலவை ஒரு இன்ச், மட்டப்பலகையால் இழுத்து மணியாசுக் கட்டையால் தேய்த்து, பெருவிரலால் அழுத்தினால் லேசாகப் பதிகிற பதத்தில் சிவப்பு. பொடிக்கலவை ஒரு கட்டத்துக்கு ஏழேகால் கிலோ, தண்ணீர் இரண்டே முக்கால் லிட்டர். தராசிலும் அளவு ஜாடியிலும் அளந்தது நான், பூசியது அவர். கனம் 4 மில்லிமீட்டர்தான்.

இதற்கு அப்புறம்தான் உண்மையான வேலை. ஜன்னலை எல்லாம் மூடி ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு பலகை மேல் மண்டி போட்டு, தேய்ப்புக் கரண்டியால் ஒரே சீராக அரைவட்டம் அரைவட்டமாக இழுத்தார். ஒரு சுற்று முடிந்ததும் முக்கால் மணி நேரம் சும்மா இருப்பார். திரும்ப ஒரு சுற்று. முதல் சுற்றில் கரண்டி ‘சர்ர்’ என்று மணலில் இழுக்கிற மாதிரி போகும். மூன்றாவது சுற்றில் அந்தக் கரகரப்பு போய்விடும். சாயங்காலம் ஐந்தாவது சுற்றில் எவர்சில்வர் தட்டின் ஓரத்தை உரசினால் வருமே, அந்த மாதிரி மெல்லிய கிண்ணென்ற ஒலி. “சத்தத்தக் கேளுங்க தம்பி, அதுதான் சொல்லும்” என்றார். அந்த ஒலி வந்த பிறகு கரண்டி பட்ட இடமெல்லாம் ஈரம் இல்லாமலேயே மினுங்கியது. நான் செய்த இரண்டு முறையும் இரண்டு சுற்றோடு நிறுத்திவிட்டேன், அதனால்தான் எனக்கு இந்தச் சத்தமே தெரியாது. கடைசி நாள் ஒரு கட்டத்தை என்னிடம் விட்டார், வடக்கு ஜன்னலுக்குக் கீழே இருப்பது. பக்கத்துக் கட்டத்தோடு வைத்துப் பார்த்தால் மினுக்கம் கொஞ்சம் கம்மிதான், ஆனால் விரிசல் இல்லை.

மறுநாளிலிருந்து சுற்றிலும் களிமண் வரப்புக் கட்டி 10 நாள் தண்ணீர் நிறுத்தினோம். இந்த முறை குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர் மட்டும். தண்ணீர் வராத நாளுக்கு இரண்டு டிரம் பிடித்துவைத்தேன். வடித்த பிறகு மூன்று வாரம் காயவிட்டு, 220, அப்புறம் 400 நம்பர் எமரித் தாளால் ஈரமாகத் தேய்த்தேன், இது நானே செய்தது, நாலு சாயங்காலம் ஆனது. கடைசியில் தேங்காய் எண்ணெய், மொத்தத் தரைக்கும் கால் லிட்டருக்கும் குறைவு, பழைய வேட்டித் துணியால். அதிகம் ஊற்றினால் பிசுக்குப் பிடித்துத் தூசி ஒட்டும்.

செலவு: உடைக்கிற மிஷின் வாடகை 1,800, உடைத்து அள்ள இரண்டு ஆள் மூன்று நாள் 5,400, வண்டி 2,100, ஆறு மூட்டை சிமெண்ட் 2,340, பூச்சு மணல் 1,125, பொடி 1,800, கண்ணாடிப் பட்டை 488, அண்ணாச்சிக்கு ஐந்து நாள் 6,500, சித்தாள் ஐந்து நாள் 3,500, எமரித் தாள் எண்ணெய் வகையில் 650. மொத்தம் 25,703. உடைப்புச் செலவைக் கழித்தால் சதுர அடிக்கு சுமார் 107 ரூபாய். டைல் கடையில் எனக்குச் சொன்னது கல்லுக்கு 95, பதிக்க 40. ஆக விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நாள் கணக்கில்தான் வித்தியாசம், டைல் என்றால் நாலு நாளில் முடிந்திருக்கும், இதற்கு ஹாலை ஒன்றரை மாதம் காலியாக வைத்திருந்தோம்.

திரும்பச் செய்வதாக இருந்தால் மாற்ற வேண்டியவை உண்டு. சுவரோர நாலு இன்ச் பட்டியைத் தரைக்குப் பிறகு போட்டோம், அதனால் சிந்திய குழம்பு தரையோரத்தில் இரண்டு இடத்தில் கறையாக நிற்கிறது. பட்டியை முதலில் போட்டிருக்க வேண்டும். கண்ணாடிப் பட்டையின் மேல்முனை ஒரு இடத்தில் அரை மில்லிமீட்டர் தூக்கலாக இருந்து கையில் கீறியது, எமரிக் கல்லால் தேய்த்துச் சரி செய்தேன். பூசும்போதே விரலை ஓட்டிப் பார்த்திருந்தால் இது வந்திருக்காது. சோபா எங்கே வரும் என்று கட்டம் போடும்போது யோசிக்கவில்லை, இப்போது ஒரு கோடு அதன் காலுக்கு நேர் அடியில் போகிறது. டிரம்மில் மிஞ்சிய 14 கிலோ கலவையில், நான் இரண்டு முறை தோற்ற அந்த நடையையும் அண்ணாச்சியே முடித்துக் கொடுத்துவிட்டார், அதனால் ஹாலிலிருந்து அடுக்களை வரை ஒரே நிறமாக இருக்கிறது.

அம்மா அறை வாசலில் இப்போது படி இல்லை. ரசமட்டத்தை அந்த நிலைக்குக் குறுக்கே வைத்தால் குமிழி நடுவில் நிற்கிறது. அரிவாள்மணைச் சாக்கை அவளே மடித்துப் பரணில் போட்டுவிட்டாள். தலையணை போன வாரத்திலிருந்து ஹாலில் கிடக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவைக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்கும்போது கொஞ்சம் சிந்தி, உடனே துடைக்காமல் விட்டதில், கட்டைவிரல் அகலத்துக்கு மங்கலாக ஒரு திட்டு விழுந்துவிட்டது. புளி, எலுமிச்சை, கழிப்பறை கழுவுகிற ஆசிட் எதுவும் இந்தத் தரைக்கு ஆகாது. அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். எமரித் தாள் எதுவும் போட வேண்டாம், தினமும் ஒரு சொட்டு எண்ணெய் தேய்த்து ஒரு மாதம் பாருங்க என்றார். இன்றைக்கு நாலாவது நாள், ஓரம் கொஞ்சம் கருத்திருக்கிறது.